அஞ்சு பாட்டும் பாஸ்

“நல்லா இருக்குங்க” என்று அந்த அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. பக்கத்து மேசையில் நின்று பனியன் செக்கிங் பார்த்த அத்தனை வருஷத்திலும் கேட்டதில்லை. திருப்பூரில் எல்லாருக்கும் எல்லாமே நல்லா இருக்குங்கதான். கல்யாணச் சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் கையைக் கழுவிக்கொண்டே “நெம்ப நல்லா இருந்துச்சுங்க” என்பார்கள். அவ்வளவு மரியாதை பிடித்த ஊர். அந்த ஊர்க்காரரான இவருக்கு மட்டும் அப்படியொரு நாக்கு எங்கிருந்து வந்ததோ, முருகனுக்கே வெளிச்சம்.

அவர் பேரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால், “என்னைக் கேக்காம எப்படிப் போடலாம்?” என்று இருக்கிற இடத்திலிருந்து கிளம்பி வந்துவிடுவார். கம்பெனியில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவர் செக்கிங் அக்காதான். நானும் செக்கிங்தான், எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

எங்கள் வேலை இதுதான். கீழே தைத்து மேலே வருகிற பனியனை மேசையில் விரித்து, கழுத்து, தோள், கை, அடிப்பக்கம் என்று தடவித் தடவிப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். குறையில்லை என்றால் பாஸ். பிரித்துத் தைத்தால் தேறும் என்றால் ஆல்டர். ஓட்டையோ எண்ணெய்க்கறையோ இருந்தால் ரிஜெக்ட். நாங்கள் எல்லாரும் இந்த மூன்று சொல்லையும் சாயங்காலம் மேசையிலேயே போட்டுவிட்டு வேனில் ஏறுவோம். அக்கா கையோடு வீட்டுக்கு எடுத்துப் போவார்.

நான் கொண்டுபோகும் புளிக்குழம்பு என்றைக்குமே ஆல்டர்தான். “உங்க விருதுநகர்ப் பக்கம் மொளகாய்க்குப் பஞ்சமே கெடையாதா அம்மிணி?” என்பார். சூப்பர்வைசர் தன் நிச்சயதார்த்தப் போட்டோவைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாஸுங்க. மாப்பிள்ளைதான் ஆல்டர்” என்றார். ஒருநாள் நான் புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று வருத்தத்தோடு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் முதுகைக் காட்டச் சொல்லிச் சிரிக்கிறார். தோள் தையல் கோணிய இடத்தில் பளிச்சென்று ஓர் அம்புக்குறி. வேன் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. பாவிகள், ஒருத்தி சொல்லவில்லை! மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். “கோணலாத் தெச்சவனக் கேளு, ஒட்டுன என்னைய எதுக்குக் கேக்கற?” என்று அடுத்த பனியனை விரித்தார்.

இப்படிப்பட்டவருக்கு ரேடியோ மேல் அப்படியொரு பித்து.

எங்கள் மாடியில் ஒரு மூலையில் அயர்ன் டேபிள்கள், மறு மூலையில் செக்கிங் டேபிள்கள். நடுத் தூணில் ரேடியோ. காலையிலிருந்து அது பாட்டுக்குக் கத்திக்கொண்டு கிடக்கும். ஆனால் நாலு மணிக்கு வருகிற நிகழ்ச்சிதான் கணக்கு. தினமும் ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு அந்த வருஷத்துப் பாட்டாக வரிசையாக அஞ்சு போடுவார்கள். நிகழ்ச்சிக்கு ஏதோ இங்கிலீஷில் பேர். எங்களுக்கு அது ‘அஞ்சு பாட்டு’. கேட்டவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் போனில் பேசி அனுப்பினால், கடைசியில் சிலதை ஒலிபரப்புவார்கள். அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு பாத்திரக்கடைக்காரர் தவறாமல் வருவார். அவருக்குச் சோகப்பாட்டு ஒன்றாவது இல்லாவிட்டால் அன்றைக்குத் தூக்கமே வராதாம். மங்கலத்திலிருந்து ஒரு தறிக்காரர் எது போட்டாலும் “அருமைங்க, அருமை” என்பார். அவர் குரல் வந்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “கண்ண மூடிட்டுப் பாஸ் பண்றான் பாரு. இவனையெல்லாம் செக்கிங்ல போட்டாக் கம்பெனிய மூட வேண்டீதுதான்.”

பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. கை பனியன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், காது தூணில் இருக்கும். அஞ்சும் முடிந்ததும் எல்லாரும் அக்காவின் முகத்தைப் பார்ப்போம். “ரெண்டு பாஸு. ரெண்டு ஆல்டர், வயலினு அத்தனை வேண்டீதில்ல. ஒண்ணு ரிஜெக்ட்.” அவ்வளவுதான், அயர்ன் டேபிளில் ரகளை ஆரம்பிக்கும். அங்கே நிற்கிற அண்ணன் குத்துப்பாட்டுக் கட்சி. “ஏனுங்கக்கா, அதையப் போயி ரிஜெக்ட்டுங்கறீங்க! நாங்க ஆடி வளந்த பாட்டுங்க அது!” “ஆடறதுக்கு மத்தளம் போதுமுங்க. பாட்டு எதுக்கு?” என்பார் அக்கா.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அந்தத் தீர்ப்பைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டேன். ஒலிபரப்பியே விட்டார்கள்! ரேடியோவில் தன் குரலைக் கேட்டு அக்கா கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைக் கீழே போட்டார். “என்ற குரலா இது? பிசிறு பிசிறா இருக்குது. ரிஜெக்ட்” என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு வசவு. ஆனால் மறுநாள் நாலரை மணிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “போனை எடு அம்மிணி” என்று அவரே கேட்டார். அன்றிலிருந்து செக்கிங் அக்காவின் தீர்ப்பு இல்லாமல் அந்த நிகழ்ச்சி முடிந்ததில்லை. பேக்கரிகளில், கட்டிங் டேபிள்களில், சாயப்பட்டறைகளில் எல்லாம் அதற்குக் காத்திருப்பதாக அந்த நிகழ்ச்சியை நடத்துகிற பையன் சொன்னான்.

அந்தப் பையனையே அக்கா விட்டாரா? பாட்டு முடிகிற இடத்தில் அவன் வழக்கமாகப் பேச ஆரம்பித்துவிடுவான். கடைசி வரியின் மேலேயே அவன் குரல் ஏறி உட்காரும். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் போனை வாங்கிப் பேசினார். “ஏனுங்க தம்பி, நீங்க நல்லாப் பேசறீங்க, இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா பந்திக்கு வந்த ஒறம்பரை எந்திரிச்சுப் போறதுக்கு முன்னாலயே எலைய எடுப்பாங்களா? பாட்டு முழுசாப் போகட்டுங்க சாமி.” மறுநாளிலிருந்து பாட்டுகள் கடைசி வரை ஓடின. பாத்திரக்கடைக்காரர் அதற்காக அக்காவுக்குத் தனியாக நன்றி சொன்னார்.

முழுசாப் போகட்டும், முழுசாப் போகட்டும் என்று ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார் என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு மழை நாளில் கரண்ட் போய்க் கீழே மிஷின்கள் எல்லாம் நின்றன. கம்பெனியே கம்மென்று ஆனது. அக்கா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, தானாகச் சொன்னார்.

“எங்கூட்டுல தறி. மங்கலத்துல பொறந்தவ நானு. ஊட்டுக்கும் தறிக்கும் நடுவுல ஒரு செவுருதான். தூணுல பேட்டரி ரேடியோ ஒண்ணு தொங்கும், பாடும், ஆனா தறிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்காது. கரண்ட் போச்சுன்னாத் தறி நிக்கும். அப்பத்தான் பாட்டுங் கேக்கும். பாதியில இருந்து வரும். நல்ல எடம் வர்றப்பக் கரண்ட் வந்துரும், தறி ஓடிரும். எந்தப் பாட்டுக்கும் தலையுந் தெரியாது, வாலுந் தெரியாது எனக்கு. கல்யாணமாயி இங்க வந்துதான் ஒரு பாட்ட முழுசாக் கேட்டேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கம்மாவுக்கு அந்தச் சத்தத்துலயே காது போயிருச்சு. மொதல்ல நாங்க சத்தமாப் பேசுனோம். பொறவு கையில காமிச்சோம். பொறவு அதையும் உட்டுட்டோம். சோத்தப் போட்டு வெச்சுட்டு அக்கட்டால போயிருவோம். ஒறம்பரை வந்தா, எல்லாரு மொகத்தையும் பாத்துப் பாத்து, அவிக சிரிச்சாத் தானுஞ் சிரிக்கும். எதக் கேட்டாலுந் தலையாட்டும். அது தலையாட்டறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும் கண்ணு.”

கரண்ட் வந்தது. “நின்னு கத கேக்காத, பண்டலப் பிரி” என்று என்னையே அதட்டினார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்டிங்கில் விழுகிற பனியன் துணிக் கழிவை எங்கள் பக்கம் வேஸ்ட் என்போம். வண்டி துடைக்க, கை துடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அக்கா காலையில் வந்ததும் அதில் ரெண்டு துண்டைக் கிழித்து, முறுக்கி, ரெண்டு காதிலும் செருகிக்கொள்வார். கீழே மிஷின், மேலே ஸ்டீம் அயர்ன் சீறல், ரேடியோவில் நகைக்கடை விளம்பரம், இதையெல்லாம் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். நாலு மணி ஆனதும் பிடுங்கிப் போட்டுவிட்டு, முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு ரேடியோவைப் பார்த்துத் திரும்புவார். நாலு மணிக்கு முன்னால் அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். எங்கள் எல்லாருக்கும் அது பழகிப்போனது.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை என்றால் ஒரே ஒரு பாட்டால்தான். என் கல்யாணத்தில் மைக்செட்காரன் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு அது. நடுவில் பாடுகிறவர் சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரிப்பார். எனக்கு அந்த இடம் வந்தால் இப்போதும் மேலெல்லாம் சிலிர்க்கும். அஞ்சு பாட்டில் அது வந்த அன்று அக்கா வேலையையே நிறுத்திவிட்டார். “இவன் எதுக்கு நடுவுல சிரிக்கிறான்? பாடறதுன்னாப் பாடோணும், சிரிக்கிறதுன்னா ஊட்டுல போயிச் சிரிக்கோணும். ரிஜெக்ட்!” “என்னக்கா இப்பிடிச் சொல்றீக? அது எங்க கல்யாணப் பாட்டு!” என்றேன். “அப்ப உங்க கல்யாணத்துலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்க.” அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “அந்தம்மா சொல்றதும் சரிதானே” என்கிறார். அவரோடும் பேசவில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகை வாக்கில் ஒருநாள் அஞ்சு பாட்டும் முடிந்தன. நான் போனை நீட்டினேன். அக்கா எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அஞ்சும் பாஸுங்க” என்றார்.

மாடியே கைதட்டியது. அயர்ன் அண்ணன் கீழே ஓடிப்போய்த் தேங்காய் பன் வாங்கிவந்து எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தார். ரேடியோப் பையன், “செக்கிங் அக்காவே அஞ்சுக்கு அஞ்சு குடுத்துட்டாங்க!” என்று குதித்தான். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மறுநாளும் அஞ்சும் பாஸ். அதற்கடுத்த நாளும். பன் தின்ற வாய்கள் இப்போது முணுமுணுக்க ஆரம்பித்தன. மங்கலத்துத் தறிக்காரரே, “அக்கா அருமைங்க, ஆனா பழையபடி நாலு திட்டுத் திட்டுனாத்தானுங்க நல்லாருக்குது” என்று பேசி அனுப்பினார். பாத்திரக்கடைக்காரர், “அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதும் சொகமில்லீங்களா?” என்று கேட்டார். அக்கா அதற்கும் சிரித்தார்.

பிறகு ஒருநாள் அந்தச் சிரிப்புப் பாட்டு மறுபடியும் வந்தது. எனக்கு ஒரே குஷி. இன்றைக்கு இருக்கிறது வேடிக்கை என்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடுகிறவர் சிரித்தார். அக்கா அசையவில்லை. பாட்டு முடிந்தது. எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார். “அஞ்சும் பாஸுங்க” என்று தலையாட்டினார்.

மழை நாளில் ஜன்னலோரம் அக்கா சொன்ன அவருடைய அம்மா என் கண்முன்னால் வந்து நின்றார்.

அப்படி இருக்காது என்று என்னையே தேற்றிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். காதில் வேஸ்ட் இல்லை, பார்த்துக்கொண்டேன். “அக்கா, நேத்து நீங்க பாஸ் பண்ண பண்டல்ல அத்தனையும் ஓட்டையாம்” என்றேன். அந்தக் கம்பெனியில் அப்படிச் சொல்லிவிட்டு உயிரோடு கீழே இறங்கினவர் யாரும் கிடையாது. அக்கா பாட்டுக்குக் கழுத்துப் பட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

துணி ரோல் அடுக்கியிருக்கிற அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். “ரெண்டுங் கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டே இருக்குது அம்மிணி. தண்ணிக்குள்ள இருக்கறாப்பல இருக்குது. பாட்டு ஓடறதே உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரியுது” என்றார். “எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது.”

“டாக்டரைப் பாத்தீகளா?” என்று அவர் காதருகே போய்க் கேட்டேன். “என்னது?” என்றார். இன்னும் சத்தமாகக் கேட்டேன். “டாக்டரு பாத்துப் போச்சுன்னு சொல்லிட்டாப் போனதுதானே. சொல்லாத வரைக்கும் ஒரு நம்பிக்கையாச்சும் இருக்கும். நீ ஒருத்தருகிட்டயுஞ் சொல்லிப்போடாத கண்ணு. சத்தியம் பண்ணு” என்றார். எனக்கு வந்ததே கோபம். “கூறு கெட்ட பேச்சுப் பேசாதீக! காது கேக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்! நாளைக்கு ரோட்டுல வண்டி வந்தாக் கேக்குமா? கிளம்புங்க மொதல்ல!” என்று கத்தினேன். காது கேட்காதவரிடம் ரகசியம் பேசினால் எப்படி இருக்கும்? அறையை விட்டு வெளியே வந்தால், மாடி முழுக்க அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஊருக்கெல்லாம் நானே தண்டோரா போட்டுவிட்டேன்.

ஆனால் அதுவும் நல்லதற்குத்தான். அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் மறுநாள் மதியம் எங்கள் ரெண்டு பேரையும் விட்டார். அயர்ன் அண்ணன் தனக்குத் தெரிந்த காது டாக்டர் ஒருவரின் இடத்தைச் சொன்னார். பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்த பிடி விரல் வலிக்கிற பிடி. மங்கலம் பஸ் ஒன்று எதிரில் போனது. அதையே திரும்பிப் பார்த்தார். இவர் கடைசிக் காலத்தில் யார் யார் முகத்தையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முருகா, எனக்குப் புளிக்குழம்பு சாகும் வரைக்கும் ஆல்டராகவே இருக்கட்டும், இவருக்குக் காதைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு வலது காதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் இடது காதைப் பார்த்தார். பிறகு என்னிடம், “இவங்க காதுக்குள்ள என்னங்க வெச்சுக்குவாங்க?” என்றார். சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, அக்காவை அசையாமல் இருக்கச் சொல்லி, எதையோ இழுத்து ஸ்டீல் கிண்ணத்தில் போட்டார். அழுக்கும் குறும்பியும் அப்பிய கருநீலத் துணித் துணுக்கு. மறுபடி விட்டார். சாம்பல் நிறம். அதற்கும் அடியிலிருந்து கெட்டிப்பட்டுப் போன சிவப்பு. பிடுங்கும்போதெல்லாம் பிய்ந்து உள்ளேயே தங்கின துணுக்கு. அதன் மேலேயே மறுநாள் புதிதைத் திணித்து, உள்ளே உள்ளே தள்ளியிருக்கிறார். நாலு மணிக்காகப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த காது!

அக்கா கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். “அட, இந்தச் செவப்பு ஆடி மாசம் போன ஆர்டராச்சே!” என்றார்.

“காதுக்குள்ளயே ஒரு பனியன் கம்பெனி நடத்தியிருக்கீங்கம்மா” என்று டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இடது காதும் முடிந்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். காதில் மாட்டிக் கேட்கிற சோதனை ஒன்றும் செய்தார். நரம்பெல்லாம் நன்றாகவே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் காதில் ஒரு நூல்கூடப் போகக் கூடாது, சத்தம் தாங்கவில்லை என்றால் அதற்கென்று விற்கிறதை வாங்கி மாட்டுங்கள் என்று கண்டித்தார். அக்கா எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து, கூரையைப் பார்த்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, இந்த ஃபேனு இப்படிக் கீச்சு கீச்சுன்னு கத்துது. எண்ணெய் போடறதில்லீங்களா?”

எனக்கு அங்கேயே காலில் விழலாம் போல இருந்தது. டாக்டரம்மா காலிலா, அக்கா காலிலா, அந்த ஃபேன் காலிலா என்றுதான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே போனை எடுத்து ரேடியோவுக்குப் பேசினேன். “அக்காவுக்குக் காதுல துணி அடைச்சிருந்துச்சு, எடுத்தாச்சு. இத்தன நாளாப் பாஸ் பண்ணதெல்லாம் கணக்குல சேராது. இன்னைக்கு எந்த வருஷமா இருந்தாலுஞ் சரி, அந்தச் சிரிப்புப் பாட்டைப் போடுங்க தம்பி, புண்ணியமாப் போகும்” என்றேன். அக்கா பக்கத்தில் நின்று, “யாருகிட்ட இந்தக் கத்துக் கத்தற? மெதுவாப் பேசு, காது வலிக்குது” என்றார்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பேக்கரி. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு டீ சொல்லிவிட்டு நின்றோம். நாலு மணி ஆனது. ஒவ்வொரு பாட்டாக ஓடியது. அக்கா டீயைக் குடிக்கவே இல்லை. டம்ளரைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை, நானும் பார்க்காதது போலிருந்தேன். நாலாவது பாட்டு முடிந்ததும் அந்தப் பையன் பேசினான். “செக்கிங் அக்காவுக்காக இன்னைக்கு மட்டும் வருஷம் மாறுதுங்க. மங்கலத்து அண்ணன், பாத்திரக்கடை அண்ணன், எல்லாரும் ரெடியா இருங்க.”

என் கல்யாணப் பாட்டு ஆரம்பித்தது. டாக்டர் சொன்னது எனக்குப் போதவில்லை, இவர் வாயால் வர வேண்டும். பல்லவி போனது. முதல் சரணம் போனது. பாடுகிறவர் அந்த இடத்துக்கு வந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா படாரென்று கண்ணைத் திறந்தார். “பாரு! மறுக்காவுஞ் சிரிக்கிறான் பாரு! இவனுக்கென்ன கேடு? ரிஜெக்ட்! நூறு தடவ போட்டாலும் ரிஜெக்ட்!”

பேக்கரியே திரும்பிப் பார்த்தது. கடை வாசலில் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் நான் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன். என் கல்யாணப் பாட்டைக் கழித்துக் கட்டியதைவிட நல்ல சேதியை என் ஆயுசில் நான் கேட்டதில்லை. “என்ன அம்மிணி இது, சீலையெல்லாம் நனையுது” என்றார். ஆனால் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாங்கக்கா, ஏறுவோம். ரிஜெக்ட்தான் பண்ணியாச்சுல்ல” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா நகரவில்லை. ரேடியோவைப் பார்த்தபடி இன்னொரு கையால் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“சித்த இரு கண்ணு. அடுத்த பஸ்ஸுல போலாம். பாட்டு முழுசாப் போகட்டும்.”